பழி பிறக்கும் இடம்

ஒருவருக்குக் கஷ்டம் வந்தது என்று கேள்விப்பட்டால், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் 'கே லாஸ்திமா' என்பார்கள். நாம் 'ஐயோ பாவம்' என்போமே, அதேதான். இந்த லாஸ்திமாவும், ஆங்கிலத்தில் பழி போடுவதைக் குறிக்கும் 'பிளேம்' என்ற சொல்லும் ஒரே கிரேக்கச் சொல்லின் வாரிசுகள். ஓர் ஊரில் அது பழியாக வளர்ந்தது, இன்னோர் ஊரில் இரக்கமாக. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் கிட்டத்தட்ட இதே கதை இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த 'பாவம்' தீவினையைக் குறிக்கும் சொல். அடிபட்டுக் கிடக்கும் நாய்க்குட்டியைப் பார்த்தாலும் நாம் 'பாவம்' என்கிறோம். அந்தக் குட்டி எந்தத் தீவினையும் செய்யவில்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் இதே வழக்கம் உண்டு.

அந்தக் கிரேக்கச் சொல் 'பிளாஸ்பேமெயின்'. 'கெடுத்துப் பேசுதல், இழித்துப் பேசுதல்' என்று பொருள். சொல்லின் பின்பாதியில் இருக்கும் 'பேமே' என்றால் பேச்சு, ஊரில் உலவும் சொல். புகழைக் குறிக்கும் ஆங்கில 'ஃபேம்' கூட லத்தீன் வழியாக இதே வேரிலிருந்து வந்ததுதான். கிறிஸ்தவத் திருச்சபை இந்தச் சொல்லை லத்தீனுக்குக் கொண்டுபோய், கடவுளை இழித்துப் பேசுவதற்கு வைத்துக்கொண்டது. ஆனால் ஜனங்களின் வாயில் அது சும்மா இருக்கவில்லை. பேச்சு லத்தீனில் 'பிளாஸ்தெமாரே' என்று திரிந்து திசைக்கு ஒன்றாகப் பிரிந்தது. ருமேனியாவில் 'பிளெஸ்தெமா' என்றால் சாபமிடுவது. இத்தாலியில் 'பெஸ்தெம்மியாரே' என்றால் சாமி பெயரை இழுத்துத் திட்டுவது. பிரான்ஸில் 'பிளாஸ்மெர்' ஆகி, பழிப்பது என்ற பொருளில் நின்றது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய் 1200ஐ ஒட்டிய காலத்தில் 'பிளேம்' ஆனது. ஸ்பெயினில் முன்னெழுத்தை உதிர்த்துவிட்டு 'லாஸ்திமார்' ஆனது. அதற்கு அர்த்தம் காயப்படுத்துவது. இழிசொல் காயப்படுத்துகிறது, காயம் வலிக்கிறது, வலியைப் பார்த்தவனுக்கு இரக்கம் வருகிறது. லாஸ்திமா வந்த வழி இதுதான்.

ஆங்கிலத்துக்கு அதே கிரேக்கச் சொல் இரண்டாவது தடவையும் வந்தது, இந்த முறை படித்தவர்கள் வழியாக. தெய்வநிந்தனையைக் குறிக்கும் 'பிளாஸ்ஃபெமி' அப்படி வந்தது. ஆக, அலுவலகத்தில் 'என்னை பிளேம் பண்ணாதே' என்று தினமும் புழங்கும் சொல்லும், சில நாடுகளில் மரண தண்டனை வரைக்கும் கொண்டுபோகிற சட்டச் சொல்லும் ஒரு வேர்.

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்றுதான். பிளேம் என்ற சொல் பிறந்த இடம் செயல் அல்ல, வாய். யார் என்ன செய்தார்கள் என்பதை அந்தச் சொல் முதலில் குறிக்கவே இல்லை. யார் என்ன பேசினார்கள் என்பதைத்தான் குறித்தது.

தமிழின் 'பழி'யும் அப்படித்தான். பழித்தல் என்றால் இகழ்ந்து பேசுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அதே 'பழி'. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி, 'ஹளி' என்றால் இகழ்வது, தூற்றுவது; நம் பால் அங்கே 'ஹாலு' ஆகிற மாதிரி. பழி பேச்சைச் சேர்ந்தது என்பதற்கு நல்ல சாட்சி அதன் எதிர்ச்சொல். பழிக்கு எதிர் புகழ். 'புகழெனின் உயிரும் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்' என்கிறது புறநானூற்றின் 182ஆம் பாட்டு. புகழ் பிறர் சொல்வது, பழியும் பிறர் சொல்வது. கிரேக்கத்திலும் கெட்ட பேச்சான பிளாஸ்பேமியாவுக்கு எதிராக நல்ல பேச்சு என்று பொருள்படும் 'யூபேமியா' நிற்கிறது. இரண்டு மொழியும் ஒரே ஜோடியைத் தனித்தனியே கட்டியிருக்கின்றன. (சங்கத் தமிழில் 'பழிச்சுதல்' என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பொருள் போற்றுதல், துதித்தல். பழித்தலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு சொல் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.)

சரி, செய்ததைக் குறிக்க? அதற்குத் தமிழில் 'குற்றம்' இருக்கிறது. பழி வேறு, குற்றம் வேறு. இந்த வேறுபாட்டை ஒரே குறளில் பார்க்கலாம்.

தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக்
கொள்வர் பழிநாணு வார்.

செய்த குற்றம் தினையளவு. பழிக்கு நாணுகிறவர்கள் அதைப் பனையளவாக எடுத்துக்கொள்வார்கள். வெளியே இருக்கும் பழிக்கு அஞ்சுகிறவர், உள்ளே இருக்கும் குற்றத்தைத் தானே பெரிதாக அளக்கிறார். இரண்டும் ஒரே பொருள் என்றால் இந்தக் குறளுக்கு வேலையே இல்லை.

ஆங்கில பிளேம் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டது. தவறு யாருடையது என்று சொல்லவும் அதே சொல், தவறை ஒருவர்மேல் சுமத்தவும் அதே சொல். தமிழ் பேசுகிற நாமும் இப்போது அப்படிப் பேசத் தொடங்கிவிட்டோமோ என்று எனக்குக் கவலை உண்டு. காவல்துறை ஒருவரைக் கைது செய்த மறுநாளே 'குற்றவாளி சிக்கினார்' என்று தலைப்பு வருகிறது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. அதுவரை அவர்மேல் இருப்பது பழி.

ஆறாம் வகுப்பில் எங்களோடு படித்த ஒருவன்மேல் பேனா திருடியதாகப் பழி விழுந்தது. கடைசி பெஞ்சுப் பையன், காலில் செருப்பு கிடையாது. அதனால் எல்லோருக்கும் அவன்மேல்தான் சந்தேகம். அவன் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, பேனாவைத் தொலைத்த பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே அது இருந்தது. குற்றம் என்று ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் 'பேனா' என்ற பட்டப்பெயர் அவன் பத்தாவது முடிக்கிற வரைக்கும் போகவில்லை. நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று ஆச்சி அடிக்கடி சொல்வார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது ரொம்ப வருஷம் கழித்து.

இனி மொழிகளின் இன்னொரு கூட்டத்தைப் பார்க்கலாம். இவை பழியைக் கடன் கணக்கில் எழுதியவை. ஜெர்மனில் 'ஷுல்ட்' என்றால் குற்றப்பொறுப்பு, பழி. அதையே பன்மையாக்கி 'ஷுல்டன்' என்றால் கடன்கள். டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளிலும் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தின் 'ஷேல்', 'ஷுட்' என்ற துணைவினைகளும் இந்தக் குடும்பம்தான். கொடுக்கவேண்டியது, செய்தாகவேண்டியது என்பதே ஆதிப்பொருள். பழைய ஜெர்மானியச் சட்டங்களில் ஒருவரைக் கொன்றால், கொல்லப்பட்டவரின் உறவினருக்கு இவ்வளவு பணம் கட்டவேண்டும் என்று விலையே எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் குற்றமும் கடனும் ஒரு சொல்லாவதில் வியப்பில்லை. 1887இல் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே, ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து எழுதிய நூலில், இந்தச் சொல் ஒற்றுமையைத்தான் இரண்டாம் கட்டுரையின் அச்சாணியாக வைத்தார்.

ஜெர்மனோடு எந்தத் தொடர்பும் இல்லாத சீனத்திலும் இதே கதை. பழித்தல், பொறுப்பு இரண்டுக்கும் வரும் எழுத்தின் அடியில் ஒரு சோழியின் உரு இருக்கிறது. சோழி அங்கே பழைய நாணயம். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் ரெண்டு கோடு சேர்த்தால் கடன் என்ற எழுத்து. இயேசு பேசிய அரமேயத்திலும் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். மத்தேயு நற்செய்தியின் ஜெபத்தைப் பழைய தமிழ் பைபிளில் படித்தவர்களுக்கு 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்ற வரி நினைவிருக்கும். சிறு வயதில் இதை யாரோ கடன்காரர் வேண்டிக்கொள்வதாக நினைத்தவர்கள் உண்டு. அந்த வரிக்குள் இருப்பது அரமேயத்தின் பழக்கம்.

தமிழ் இங்கே வேறு வழியில் போயிருக்கிறது. நமக்கும் 'கடன்' இரண்டு பொருள் தரும் சொல்தான். ஆனால் இரண்டாவது பொருள் கடமை. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியது அந்தப் பொருளில். கொடுக்கவேண்டியதைக் குறித்த சொல், ஜெர்மனில் குற்றத்தின் பக்கம் போனது. தமிழில் கடமையின் பக்கம் போனது. அதே சமயம் கடனின் வாசனை பழிக்குள்ளும் நுழையாமல் இல்லை. கடனைத் தீர்க்கிறோம், பழியையும் தீர்க்கிறோம். 'பழி வாங்கினான்' என்றால் யாரோ தரவேண்டிய பாக்கியை வசூலித்துவிட்டான் என்பது போல ஒலிக்கிறது. ஒருவர் வீட்டு வாசலை விட்டு நகராமல் கிடப்பதை 'பழியாய்க் கிடக்கிறான்' என்கிறோம். அப்படிக் கிடப்பவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி வீட்டுக்காரர் தலையில்தான் விழும் என்ற பயம் அந்த வழக்கின் அடியில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

திருவாலங்காட்டுப் பக்கம் சொல்லப்படும் பழையனூர் நீலி கதையும் இந்த இடத்தில்தான் வருகிறது. வணிகன் ஒருவன், 'இவள் என் மனைவி இல்லை, பேய்' என்று கதறுகிறான். நீலி கண்ணீர் விடுகிறாள். ஊரின் எழுபது வேளாளர்கள் அவள் கண்ணீரை நம்பி, 'உனக்கு ஏதும் ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் செத்துப்போகிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். கொன்றது நீலி. ஆனாலும் வாக்குக் கொடுத்தவர்கள், பழியைக் கடனாக எடுத்துக்கொண்டு அடைத்தார்கள். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'நீலிக்கண்ணீர்' அந்தக் கதையிலிருந்து வந்தது.

'அபராதம்' என்ற சொல்லையும் இங்கே சொல்லவேண்டும். வடமொழியில் அதற்குக் குற்றம் என்று பொருள். இந்தியில் இன்றும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் போனால் நாம் கட்டுகிற பணம் அபராதம். குற்றத்தின் பெயர் அதற்கான தொகையின் பெயராகிவிட்டது. ஜெர்மன் சொல்லில் கடனும் குற்றமும் ஒட்டியிருப்பது போல, இங்கேயும் ஒட்டிக்கொண்டன.

ஆனால் அபராதத்தின் வேரைத் தோண்டினால் பணம் இல்லை, அம்பு இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அடியான வடமொழி வினை, குறி தவறுவதையும் குறிக்கும். அம்பு இலக்கில் படாதவனை அந்தச் சொல்லாலேயே வர்ணித்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்தியா'வும் குறி தவறுதல்தான். பைபிளின் பழைய ஏற்பாட்டு மொழியான எபிரேயத்தில் பாவம் செய்வதற்கான வினை, கவண்கல் இலக்குத் தப்பாமல் எறிகிற வீரர்களைப் பற்றிய இடத்திலும் வருகிறது. இதையெல்லாம் வெளியில் தேடி அலைந்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பினால், கண் முன்னாலேயே கிடக்கிறது: தப்பு, தவறு, பிழை. மூன்றும் குறியை விட்ட அம்புகள். 'குறி தப்பியது', 'கால் தவறியது' என்று இன்றும் பேசுகிறோம்.

இதில் தமிழ் மட்டும் ஒரு படி கூடப் போயிருக்கிறது. தப்புச் செய்வதும் தப்புதான், உயிர் தப்புவதும் தப்புவதுதான். பிழை செய்வதும் பிழைத்தல், உயிர் பிழைப்பதும் பிழைத்தல். நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: அம்பு விட்டவனுக்கு அது பிழை, மானுக்கு அது பிழைப்பு. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கம் நின்று பார்த்து, இரண்டுக்கும் ஒரு சொல்லையே வைத்திருக்கிறது தமிழ். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்ற பழமொழியை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இன்னும் ஆழமாகத் தெரிகிறது.

இந்த மூன்று சொற்களிலும் பழிக்கும் தொனி குறைவு. குறி தவறுகிறவன் கெட்டவன் என்று யாரும் சொல்வதில்லை. பழி வந்து ஏறும்போதுதான் கனம் கூடுகிறது. ஏறும்போது என்று நான் சொல்வதே தமிழின் பழக்கம். பழியைச் சுமத்துகிறோம், தலையில் போடுகிறோம், ஒருவன் தலையில் கட்டுகிறோம். பழி ஒரு சுமை.

சுமையாகப் பார்த்தவர்கள் எபிரேயரும்தான். பைபிளில் லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுகிறார்கள். மற்றதன் தலைமேல் குருவானவர் இரு கையையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார். அந்த ஆடு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிறது. பழைய தமிழ் பைபிள் அதற்குப் போக்காடு என்று பெயர் வைத்தது. அருமையான சொல். 1530இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல், தப்பிப்போகிற ஆடு என்று பொருள்பட 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை உருவாக்கினார். பிறர் குற்றத்துக்குப் பழி சுமக்கிறவருக்கு அதுவே இன்றும் ஆங்கிலப் பெயர். தமிழ் நாளிதழ்களோ அப்படிப்பட்டவரைப் 'பலிகடா' என்கின்றன. கவனித்துப் பார்த்தால் அது மற்ற ஆடு. பழியைச் சுமந்த ஆட்டை யாரும் வெட்டவில்லை. வெட்டுப்பட்ட ஆட்டின் தலைமேல் யாரும் பழியை ஏற்றவில்லை. பழியும் பலியும் ஒலியில் பக்கம் பக்கமாக இருப்பதாலோ என்னவோ, நாம் இரண்டு ஆட்டையும் ஒன்றாக்கிவிட்டோம். போக்காடு என்ற சொல்லைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

சுமப்பதற்கு எபிரேயத்தில் வரும் வினைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒருவரின் அக்கிரமத்தைச் சுமப்பது என்றால், இடத்தைப் பொறுத்து, அதன் தண்டனையை ஏற்பதும் ஆகும். அதை மன்னிப்பதும் ஆகும். படிக்கும்போது விசித்திரமாக இருக்கிறதா? நமக்கு விசித்திரமாக இருக்கக்கூடாது. தமிழில் 'பொறு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் பொறுத்தல் என்றால் தாங்குதல். அதிலிருந்து வந்தது பொறுப்பு. 'பிழை பொறுத்தருள வேண்டும்' என்றால் மன்னித்தல். அதிலிருந்து வந்தது பொறை. நடந்ததற்குப் பொறுப்பேற்பதும், பிறர் செய்ததைப் பொறுத்துக்கொள்வதும் தமிழில் ஒரே தசையால் செய்கிற காரியம். பழி சுமத்துவது இதற்கு நேர் எதிர்: தன் தோளில் இருப்பதை எடுத்து அடுத்தவர் தோளில் வைப்பது.

தமிழ் இலக்கியத்தில் இந்தப் பொறுத்தலை உச்சத்தில் காட்டும் இடம் எனக்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதைதான். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சொல்கிறான்: 'பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.' திருடியது பொற்கொல்லன். பொய் சொன்னதும் அவன். இன்றைய ஆட்சியாளர் யாராக இருந்தாலும் வாக்கியத்தைக் கொல்லனோடு நிறுத்தியிருப்பார், விசாரணைக் குழு ஒன்றும் அறிவித்திருப்பார். பாண்டியன் கொல்லனைக் குறிப்பிடுகிறான். குறிப்பிட்டது, அவன் சொல்லைக் கேட்டது தான்தான் என்று சொல்வதற்காக. கோவலன் தலையில் தவறாகக் கட்டப்பட்ட 'கள்வன்' என்ற சொல்லை அவிழ்த்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். அந்தச் சொல்லின் பாரம் தாங்காமல் அங்கேயே விழுந்து சாகிறான்.

இதுவரை பார்த்தவை எல்லாம் பழிக்கென்றே இருக்கும் சொற்கள். பழிச்சொல் ஒன்றுகூட இல்லாமலும் பழி போடலாம். அதற்கு ஓர் ஒற்றெழுத்துப் போதும். 'கண்ணாடி உடைந்தது' என்றால் ஒரு நிகழ்ச்சி. 'கண்ணாடியை உடைத்தான்' என்றால் ஒரு வழக்கு. கிழிந்தது, கிழித்தான். கவிழ்ந்தது, கவிழ்த்தான். நகரம் தகரமானால் நடுவில் ஒரு ஆள் வந்து நிற்கிறான்.

இது வெறும் இலக்கணச் சங்கதி இல்லை என்பதை 2010இல் கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உணவகம் ஒன்றில் நடந்த தீ விபத்தைப் பற்றி ரெண்டு விதமாக எழுதி ஆட்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றில் அந்தப் பெண் மெழுகுவத்தியைக் கவிழ்த்தார் என்ற வகை நடை. மற்றதில் மெழுகுவத்தி கவிழ்ந்தது என்ற வகை நடை. கவிழ்த்தார் என்று படித்தவர்கள் அந்தப் பெண்மேல் கூடுதலாகப் பழி வைத்தார்கள், கூடுதல் நஷ்டஈடும் கட்டச் சொன்னார்கள். வேறொரு நிகழ்ச்சியை வீடியோவிலேயே பார்க்க வைத்த இன்னொரு சோதனையிலும் வாக்கியத்தின் நடைக்கு ஏற்பத் தொகை மாறியது. கண் பார்த்ததைக்கூட வாய் மாற்றிவிடுகிறது.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் கூட்டத்தில் தங்கையின் கம்மல் ஒன்று காணாமல் போனது. அவளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எங்க தொலைச்சே?" என்றார். தங்கை பதில் சொல்லவில்லை, உதடு மட்டும் துடித்தது. அம்மா அடுப்படியிலிருந்தே, "அவ தொலைக்கலைங்க. திருகாணி லூசா இருந்துச்சு, விழுந்துடுச்சு" என்றார். அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வா, எந்தப் பக்கமா வந்தோம்னு காட்டு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.